கோல்ஃபில் 40 முதல் 75 யார்டு வரை: அரைகுறை தூர வெட்ஜ் அடிகளை எப்படிச் சரிசெய்வது?

அறுபதில்_தடுமாறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹேண்டிகேப் 17 (ஆட்டத் திறனின் அளவு, எண் குறைந்தால் ஆட்டம் மேல்). முழு ஸ்விங்கில் வெட்ஜ் (முகம் அதிகம் சாய்ந்த, கிட்டத்து அடிகளுக்கான கிளப்) அடிப்பதில் பெரிய குறை இல்லை. பிட்சிங் வெட்ஜ் 110 யார்டு, 52 டிகிரி 95, 56 டிகிரி 80 போகும். கிரீனை (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) ஒட்டி 20 யார்டுக்குள் பந்து இருந்தாலும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். வில்லங்கம் எல்லாம் நடுவில்தான். 45, 60, 70 என்று ஏதாவது ஒரு தூரத்தில் பந்து வந்து நின்றால் எந்த வெட்ஜை எடுப்பது, எவ்வளவு தூரம் பின்னால் தூக்குவது என்று ஒன்றும் ஓடுவதில்லை. ஒன்று, பந்தைத் தொடும் முன்பே கிளப் மண்ணில் இறங்கி பந்து பத்தடி தள்ளி விழுகிறது. இல்லையென்றால் பந்தின் இடுப்பில் பட்டு கிரீனைத் தாண்டி ஓடுகிறது.

இரண்டு கேள்வி. இந்த அடியை ஒழுங்காக அடிக்க வழி என்ன? அல்லது, பார் 5-இல் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி) இரண்டாவது அடியிலேயே கணக்குப் போட்டு 95 யார்டில் பந்தை நிறுத்தி, இந்தத் தூரத்தையே தவிர்த்துவிடலாமா?

பழைய_பெர்சிமன் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். இரண்டாவதற்குக் கணக்குப் பிள்ளைகள் தானாக வந்து சேருவார்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். 60 யார்டுக்கு வேண்டியதைவிட அதிகமாகப் பின்னால் தூக்கிவிடுகிறீர்கள். இறங்கி வரும் வழியில் "இது அதிகம்" என்று உடம்புக்குத் தெரிந்துபோகிறது. உடனே நெஞ்சு சுழல்வது நின்றுவிடும், மணிக்கட்டு மட்டும் முந்திக்கொண்டு ஓடும், கிளப் ஹெட் பந்துக்குப் பின்னால் தரையைத் தொடும். மண் பெயர்ந்த பயத்தில் அடுத்த முறை உடம்பை மேலே இழுப்பீர்கள், பந்து தின் ஆகும், அதாவது அதன் இடுப்பில் படும். வெளியிலிருந்து பார்க்க இரண்டு வியாதி மாதிரி இருக்கும்.

நிற்கும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு ஷூ அகலம் போதும். முன் காலில் எடை கொஞ்சம் கூடுதலாக, நூற்றுக்கு 55, 60 என்று வையுங்கள். பின்னால் தூக்கும்போதும் அது அங்கேயே இருக்கட்டும்; பக்கவாட்டில் ஆடுவதற்கு இந்த அடியில் வேலையே இல்லை. பந்து நிலையின் நடுவில். பின் காலுக்கு எதிரே பந்தை வைத்தால் சுத்தமாகப் படும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கேட்காதீர்கள். அப்படி வைத்தால் கிளப்பின் முன் விளிம்பு மண்வெட்டியாகிவிடும்.

மிச்சத்துக்கு ஒரே ஒரு விதி. பின்னால் எவ்வளவு தூக்கினீர்களோ, முன்னால் அதற்குக் குறையாமல் போய் நிற்க வேண்டும், நெஞ்சு இலக்கைப் பார்த்தபடி. முடிவு நிலையில் இரண்டு விநாடி அசையாமல் நிற்க முடிந்தால் நடுவில் பிரேக் போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுக்கையுறை எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். "பந்தைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டு" என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

பழைய_பெர்சிமன் எழுதியது:

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டு என்றதும் பத்தில் ஒன்பது பேர் கையால் குத்துவார்கள். பிரேக் போடுவது எப்படித் தூரத்தைக் கெடுக்குமோ, குத்துவதும் அப்படியே கெடுக்கும். பின்னால் தூக்குவதைச் சின்னதாக்குங்கள். தூக்கியது சின்னதாக இருந்தால் பயந்து நிறுத்தவும் வேண்டாம், அவசரப்பட்டு அடிக்கவும் வேண்டாம்.

எண்கணக்கன் எழுதியது:

கணக்குப் பிள்ளை ஆஜர்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். "பிடித்த தூரத்தில் நிறுத்து" என்பது கோல்ஃபில் காலங்காலமாக ஓதப்படும் மந்திரம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஒவ்வொரு அடியையும் பதிவுசெய்யும் ஷாட்லிங்க் தரவை வைத்து ஒவ்வொரு தூரத்திலிருந்தும் பந்தைக் குழியில் போடச் சராசரியாக எத்தனை அடி ஆகிறது என்று கணக்கிட்டார். ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்று இன்று எல்லோரும் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஃபேர்வேயிலிருந்து (குட்டையாக வெட்டிய நடுப்பாதை) டூர் சராசரி இப்படி: 100 யார்டில் 2.80, 80-இல் 2.75, 60-இல் 2.70, 40-இல் 2.60. தூரம் குறையக் குறைய எண்ணும் குறைகிறது. 60 யார்டு ஒரு "பொல்லாத" தூரம் என்றால் அந்த இடத்தில் எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

ஆனால் இதைப் பாதி மட்டும் படித்துவிட்டு ஓடக்கூடாது. ரஃபிலிருந்து (ஓரத்து நீண்ட புல்) 60 யார்டு என்றால் 2.91. அதாவது ரஃபில் 60 யார்டைவிட ஃபேர்வேயில் 100 யார்டு மேல். ரஃபில் 40 யார்டு 2.78, ஃபேர்வேயின் 100 யார்டுக்கு ஏறக்குறைய சமம். மணலில் 60 யார்டு என்றால் 3.15, கிட்டவே போகாதீர்கள். ஆகவே முன்னால் புல் சுத்தமாக இருந்தால் முடிந்தவரை நெருங்குங்கள். நெருங்கும் வழியில் பங்கரோ (மணல் குழி) தண்ணீரோ நீண்ட ரஃபோ இருந்தால் மட்டும் பின்னால் நிறுத்துங்கள். இரண்டாவது அடியைப் பொறுத்தவரை "எனக்குப் பிடித்த எண் 95" என்பதைவிட "பந்து எங்கே போய் உட்காரும்" என்பதுதான் பெரிய கேள்வி.

கைவாகு எழுதியது:

கணக்கு சாரே, 2007 மாஸ்டர்ஸ் போட்டியை மறந்துட்டீங்களா? ஸாக் ஜான்சன் நாலு நாளும் ஒரு பார் 5-ல கூட ரெண்டாவது அடியில கிரீனுக்குப் போகல. எல்லாத்துலயும் நிறுத்தி, வெட்ஜை எடுத்தாரு. பார் 5-ல மட்டும் 11 அண்டர், அதாவது பாரைவிட 11 கம்மி. டைகர் உட்ஸ் ரெண்டு அடி பின்னாடி. உங்க 2.80-ஐ அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க.

எண்கணக்கன் எழுதியது:

சொல்லலாமே. அந்த வாரம் குளிர், காற்று, கிரீன் எல்லாம் கல் மாதிரி. வென்ற மொத்தமே 289, பாருக்கு ஒன்று அதிகம். மாஸ்டர்ஸில் அதைவிட அதிக எண்ணோடு யாரும் வென்றதில்லை. ஜான்சன் நீளமாக அடிப்பவர் இல்லை. எட்டாத கிரீனுக்கு முன்னால் தண்ணீர் இருக்கும்போது நிறுத்துவது என் கணக்குக்கு எதிரானது இல்லை, அதே கணக்குதான். அவர் ஜெயித்தது வெட்ஜ் பிரமாதமாக அடித்ததால். ஒரு வார ஆட்டத்தை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது.

இன்னொன்று. 100 யார்டில் 2.80 என்றால், வெட்ஜ் அடித்த பிறகு 1.80 மிச்சம். டூர் ஆட்டக்காரர்கள் 15 அடி தூரத்திலிருந்து புட் (கிரீனில் பந்தை உருட்டிவிடுவது) போட எடுப்பதே 1.78. ஆக உலகின் தலைசிறந்தவர்கள்கூட 100 யார்டிலிருந்து சராசரியாக 15, 16 அடியில்தான் விடுகிறார்கள் என்று ஆகிறது. தொலைக்காட்சியில் மூன்றடியில் நிற்கும் பந்தைத்தான் காட்டுவார்கள். ஹேண்டிகேப் 17 உள்ளவர் 60 யார்டிலிருந்து 25 அடியில் பந்தை விட்டால் தலையில் கைவைத்து உட்காரத் தேவையில்லை.

அறுபதில்_தடுமாறி எழுதியது:

இதைப் படித்ததே பெரிய ஆறுதல். சரி, நெருங்கிப் போகிறேன். நெருங்கிய பிறகு என்ன செய்வது? "பின்னால் சின்னதாகத் தூக்கு" என்று பெர்சிமன் ஐயா சொல்வது புரிகிறது. எவ்வளவு சின்னதாக? 60 யார்டு என்பது என் 110-இல் பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் பிட்சிங் வெட்ஜில் பாதி பலத்தில் அடிக்க வேண்டுமா?

எண்கணக்கன் எழுதியது:

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், பந்து போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி தூரம் வேண்டுமானால் பாதி வேகம் இல்லை, ஏறத்தாழ 70 சதவீத வேகம். காற்றுத் தடையையும் சேர்த்தால் இதில் கொஞ்சம் குறையும், மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி தூரத்துக்குப் பாதி வேகம் என்று உங்கள் மூளை நினைத்தால் பந்து வெகு முன்பே விழும். அடுத்த முறை அதை ஈடுகட்ட அடித்தால் தாண்டும். இந்த ஊசலாட்டம் ஓயாது.

இதன் மறுபக்கம்: வேகத்தில் 5 சதவீதம் தவறினால் தூரத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதம் போகும். 60 யார்டில் அது 6 யார்டு, 18 அடி. அதனால் "பலம்" என்ற சொல்லையே இந்த அடியிலிருந்து தூக்கிவிடுங்கள். பலத்தை அளக்க நம் உடம்பில் கருவி எதுவும் கிடையாது. கை எவ்வளவு உயரம் போகிறது என்பதை அளக்கலாம், கண்ணால் பார்க்கலாம், வீடியோ எடுக்கலாம்.

டேவ் பெல்ஸ் கொண்டுவந்த கடிகார முறை இதற்குத்தான். அவர் நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃபுக்கு வந்தவர். உங்கள் முன் கையை, அதாவது வலக்கையர்களுக்கு இடது கையை, கடிகார முள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவர் பார்க்கும் கடிகாரம். 7:30 வரை ஒரு ஸ்விங், கை தரைக்குச் சமமாக 9:00 வரை ஒரு ஸ்விங், 10:30 வரை ஒன்று. மூன்றுக்கும் ஒரே தாளகதி, ஒரே முடிவு நிலை. நான்கு வெட்ஜ் இருந்தால் மொத்தம் 12 தூரம் கிடைக்கும். அடிக்கும் நேரத்தில் தூரத்தைச் சமைக்க வேண்டாம், பையிலிருந்து எடுத்தால் போதும்.

மென்வேகம் எழுதியது:

நான் மெதுவாக ஸ்விங் செய்பவள். என்னுடைய 56 முழு ஸ்விங்கிலேயே 60 யார்டுதான் போகும். அதனால் இங்கே சொல்லும் "அசௌகரிய தூரம்" எனக்கு 25 முதல் 50 வரை. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் யாரோ போட்ட அட்டவணையைப் பிரதி எடுத்து ஏமாந்துபோவோம்.

கடிகார முறையை நானும் வைத்திருக்கிறேன், ஆனால் 12 தூரம் எல்லாம் இல்லை. 7:30, 9:00 இரண்டு மட்டும். 10:30-க்கும் முழு ஸ்விங்குக்கும் என் கையில் வித்தியாசமே தெரிவதில்லை. மூன்று வெட்ஜ், இரண்டு ஸ்விங், ஆறு எண். மறக்க முடியாத அளவுக்குக் குறைவு என்பதே இதன் பலம்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வேகம் குறைவாக இருந்தால் ஸ்பின்னும் (பந்தின் சுழற்சி) குறைவு. என் பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். அதனால் நான் அளப்பது பந்து விழும் இடத்தை, அதாவது கேரியை மட்டும். ஓட்டத்தை அந்தந்த கிரீனைப் பார்த்துக் கூட்டிக்கொள்கிறேன். "60 போகும்" என்று ஒருவர் சொன்னால் அது கேரியா மொத்தமா என்று கேட்டுவிடுங்கள்.

கைவாகு எழுதியது:

எல்லாரும் கடிகாரம் கடிகாரம்னு சொல்றீங்க. ஒத்துக்கறேன், ரேஞ்ச்ல (பயிற்சி மைதானம்) மேட் மேல நின்னா அருமையா வேலை செய்யும். கோர்ஸ்ல பந்து அப்படியா உட்காருது? பந்து காலுக்கு மேல இருக்கும், கீழ இருக்கும், இறக்கத்துல இருக்கும், பாதி புல்லுக்குள்ள புதைஞ்சிருக்கும். 9:00 ஸ்விங்குக்கு 70 யார்டுன்னு எழுதி வச்சிருப்பீங்க, இறக்கத்துல நின்னா லோஃப்ட் (கிளப் முகத்தோட சாய்வு) குறைஞ்சு பந்து தாழ்வா போய் விழுந்து ஓடும். ஏத்தத்துல நின்னா மேல போய் முன்னாடியே விழும். அப்ப மணி என்ன?

நான் இலக்கைப் பார்ப்பேன், ரெண்டு மூணு தடவை பயிற்சி ஸ்விங் போடுவேன். கை "இது போதும்"னு சொல்லும். அவ்வளவுதான். இலக்கைப் பாத்துக்கிட்டே பயிற்சி ஸ்விங் போடுங்க, பந்தைப் பாத்து இல்ல. பந்தை ஒருத்தருக்குத் தூக்கிப் போடறப்போ நம்ம கையையா பாக்கறோம்?

எண்கணக்கன் எழுதியது:

உங்கள் ஹேண்டிகேப் என்ன?

கைவாகு எழுதியது:

4.

எண்கணக்கன் எழுதியது:

அதுதான். சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் அடித்துச் சேர்த்த எண்கள் உங்கள் கையிலேயே இருக்கின்றன, காகிதம் தேவைப்படவில்லை. 17-இல் இருப்பவரிடம் "கை சொல்லும்" என்றால், அவர் கை என்ன சொல்லும்?

பழைய_பெர்சிமன் எழுதியது:

இரண்டு பேரும் சண்டை போடுவது போலத் தோன்றினாலும் விஷயம் வரிசையில்தான் இருக்கிறது. எண் முதலில், கை பிறகு. கைவாகு சொன்ன சாய்வு விஷயத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள், அது முழு உண்மை. இறக்கத்தில் தோள்களைச் சரிவோடு சமமாக வைத்து, ஒரு வெட்ஜ் கூடுதல் லோஃப்டாக எடுத்து, கொஞ்சம் முன்னாலேயே விழவைத்து ஓடவிடுங்கள். ஏற்றத்தில் லோஃப்ட் குறைந்த வெட்ஜ். பந்து காலுக்கு மேலே இருந்தால், வலக்கையருக்கு இடப்பக்கம் இழுக்கும். லோஃப்ட் கூடக்கூட அந்த இழுப்பும் கூடும் என்பதால் வெட்ஜில் இது நன்றாகவே தெரியும். கிளப்பைக் கீழே பிடித்து, இலக்குக்கு வலப்பக்கம் குறிபாருங்கள்.

கடிகார முறையில் நான் பார்க்கும் பெரிய குறை வேறு. 9:00 என்று நினைத்து நிற்பவர்களில் பெரும்பாலானோரின் கை 10:30-இல் இருக்கும். நினைப்புக்கும் நிஜத்துக்கும் அவ்வளவு தூரம். ஃபோனை இடுப்பு உயரத்தில், நெஞ்சுக்கு நேர் எதிரே வைத்து ஐந்தாறு அடியைப் படம் பிடியுங்கள். மேலே போய் நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எண் எழுத ஆரம்பித்தால் அட்டவணை முழுவதும் பொய்.

புதுக்கையுறை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பவுன்ஸ், பவுன்ஸ் என்கிறார்களே, இந்த அடிக்கு அது முக்கியமா? கடையில் 56 டிகிரியிலேயே 8 பவுன்ஸ், 14 பவுன்ஸ் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள்.

மென்வேகம் எழுதியது:

முக்கியம் தம்பி. கிளப்பைத் தரையில் வைத்தால் அடிப்பக்கத்தின் பின்பகுதி முன் விளிம்பைவிடக் கீழே இருக்கும். அந்தக் கோணம்தான் பவுன்ஸ். கிளப் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போக அது உதவுகிறது. மெத்தென்ற தரை, செங்குத்தாக இறங்கும் ஸ்விங் என்றால் அதிகப் பவுன்ஸ் கைகொடுக்கும். இறுகிய தரை, புல்லை மட்டும் வருடிக்கொண்டு போகும் ஸ்விங் என்றால் குறைந்த பவுன்ஸ்.

பெர்சிமன் ஐயா பந்தைப் பின்னால் வைக்காதே என்று சொன்னதும் இதனால்தான். பந்து பின்னால் போனால் கைகள் முன்னால் சாயும். கிளப்பின் தண்டு 10 டிகிரி முன்னால் சாய்ந்தால் 10 டிகிரி பவுன்ஸ் காணாமல் போகும். காசு கொடுத்து வாங்கியதை நாமே அழித்துவிட்டு, மண்ணை வெட்டுகிறது என்று கிளப்பைத் திட்டுவோம்.

அறுபதில்_தடுமாறி எழுதியது:

ஃபோனில் படம் பிடித்தேன். ஐயா சொன்னது அப்படியே. 9:00 என்று நான் சத்தியம் செய்திருப்பேன், கை காது உயரத்தில் நிற்கிறது.

இனி எண் எழுத வேண்டும். ரேஞ்சில் கொடுக்கும் பந்துகளை வைத்தே எழுதலாமா?

எண்கணக்கன் எழுதியது:

கூடாது என்பேன். ரேஞ்ச் பந்துகள் பெரும்பாலும் கடினமான மேல்தோலோடு, தேய்ந்து, ஒன்றுக்கொன்று மாறி இருக்கும். முழு ஸ்விங்கைவிட இந்த மாதிரி அரை அடிகளில்தான் பந்தின் தோல் அதிகம் பேசும். யூரித்தேன் தோல் உள்ள பந்து வெட்ஜ் முகத்தைப் பிடித்துக்கொண்டு தாழ்வாகவும் ஸ்பின்னோடும் கிளம்பும். அயனோமர் தோல் வழுக்கி மேலே ஏறிப் போகும், ஸ்பின் குறைவு. நீங்கள் ஆடுவது எந்தப் பந்தோ அதையே பத்துப் பதினைந்து எடுத்துக்கொண்டு ஒரு திறந்தவெளிக்குப் போங்கள். ரேஞ்ச்ஃபைண்டரால் தூரம் பார்த்து, பந்துகள் விழுந்து கிடக்கும் கூட்டத்தின் நடுவை எடுங்கள். மிக நன்றாகப் பட்ட ஒரே ஒரு பந்தை எழுதி வைக்காதீர்கள், அது ஆசை. விழும் இடத்தைப் பார்க்க ஒருவர் தூரத்தில் நின்றால் இன்னும் நல்லது. லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகம், தூரம் அளக்கும் கருவி) கிடைத்தால் வேலை சுலபம்.

கிளப் முகத்தைத் துடைத்துவிட்டு அடியுங்கள். காலைப் பனியில் நனைந்த முகத்தில் உராய்வு போய்விடும், பந்து உயரமாகக் கிளம்பி ஸ்பின் இல்லாமல் விழும். நனைந்த ரஃபிலும் இதே கதை. அந்த நாளில் அட்டவணை எண்ணை வேதவாக்காக எடுக்காமல், கொடிக்கு (குழியைக் காட்டும் கம்பம்) நேரே அடிப்பதை விட்டு கிரீனின் நடுவைப் பாருங்கள்.

கைவாகு எழுதியது:

எண் எழுதினதுக்கு அப்புறம் பழகறது எப்படின்னு நான் சொல்றேன், இதுல கணக்கு சார் சண்டைக்கு வரமாட்டார். ஒரே இடத்துக்கு ஒரே வெட்ஜால இருபது பந்து அடிக்காதீங்க. நாலாவது பந்துலேயே கை பழகிடும், மீதி பதினாறும் வீண் பெருமை. கோர்ஸ்ல உங்களுக்கு ரெண்டாவது பந்து கிடையாது. 45, 70, 55, 80 அப்படின்னு ஒவ்வொரு பந்துக்கும் தூரத்தை மாத்துங்க. ஒவ்வொரு தடவையும் பின்னாடி நகர்ந்து, வெட்ஜை முடிவு பண்ணி, திரும்ப வந்து நில்லுங்க. ரேஞ்ச்ல மோசமா தெரியும். பரவாயில்ல.

எண்கணக்கன் எழுதியது:

சண்டைக்கு வரவில்லை, சாட்சிக்கு வருகிறேன். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சியில் இதைக் காட்டினார்கள். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் பயிற்சியில் திணறினார்கள், ஆனால் பின்னால் சோதித்தபோது அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அது கோல்ஃப் சோதனை இல்லை என்றாலும் கைவாகு சொல்வதன் சாரம் அதுதான்.

அறுபதில்_தடுமாறி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஸ்விங்கும் முழு ஸ்விங்கும் என்று மென்வேகம் அக்கா வழியில் போனேன். எல்லாம் கேரி:

பிட்சிங் வெட்ஜ்: 7:30-க்கு 55, 9:00-க்கு 82, முழுசாக 110.
52 டிகிரி: 46, 70, 95.
56 டிகிரி: 38, 58, 80.

மண் பெயர்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது வேறு கேள்வி. 58-க்கும் 70-க்கும் நடுவே ஓட்டை இருக்கிறது. 64 வந்தால்? அப்புறம் 82-ம் 80-ம் கிட்டத்தட்ட ஒன்று, எதை எப்போது எடுப்பது? 60 டிகிரி ஒன்று வாங்கினால் தீருமா?

பழைய_பெர்சிமன் எழுதியது:

வாங்காதீர்கள். 60 டிகிரி பையில் ஏறினால் அதையும் பழக வேண்டும், அதோடு 14 கிளப்புக்கு மேல் வைக்க முடியாது, எதையாவது வெளியே எடுக்க வேண்டும். 64-க்கு 52-ஐ எடுத்து, கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே பிடித்து, அதே 9:00. எனக்கு 5 யார்டு குறையும், உங்களுக்கு எவ்வளவு என்று அடித்துப் பாருங்கள். ஸ்விங்கை மாற்ற வேண்டாம், பிடியை மட்டும் மாற்றுங்கள்.

82-ம் 80-ம் ஒன்று இல்லை. எதிர்க்காற்று, அல்லது கொடி கிரீனின் பின்பாதியில் இருந்தால் பிட்சிங் வெட்ஜ் 9:00. தாழ்வாகப் போய், விழுந்து, கொஞ்சம் நடந்து போகும். பங்கரைத் தாண்டி உடனே நிற்க வேண்டும், காற்றும் இல்லை என்றால் 56 முழுசாக. முன்பாதியில் மெத்தென்ற கிரீன் என்றால் 56 பின்னால் இழுத்துக்கொண்டு வரவும் வாய்ப்புண்டு, கவனம்.

மென்வேகம் எழுதியது:

38-க்குக் கீழே என்ன செய்வீர்கள்? 30 யார்டு?

அறுபதில்_தடுமாறி எழுதியது:

அதை யோசிக்கவே இல்லை. 20 வரை சிப் (தாழ்வாகப் போய் ஓடும் சின்ன அடி) செய்வேன். 25 முதல் 35 வரை காலியாகத்தான் இருக்கிறது.

கைவாகு எழுதியது:

அங்கதான் தம்பி என் கடைக்கு வரணும். 30-க்கு மணி பாக்காதீங்க. 56-ஐ எடுங்க, பந்து விழ வேண்டிய இடத்துல ஒரு புல்லைக் குறிச்சுக்கோங்க, அதைப் பாத்துக்கிட்டே ரெண்டு பயிற்சி ஸ்விங், மூணாவது நிஜம். ரேஞ்ச்ல ஒரு துண்டை 25-ல போடுங்க, இன்னொண்ணு 35-ல. ரெண்டுக்கும் நடுவுல விழுந்தா போதும்.

எண்கணக்கன் எழுதியது:

30 யார்டைப் பொறுத்தவரை கைவாகு பக்கம்தான் நானும். துண்டுகளுக்கு இடையே 10 யார்டு வைத்துத் தொடங்குங்கள், பத்தில் ஏழு உள்ளே விழ ஆரம்பித்ததும் 6 ஆக்குங்கள். கொடி முன்பாதியில், பங்கருக்கு நேர் பின்னால் இருக்கும் நாளில் மட்டும் அந்தக் கொடியைக் குறிவைக்காமல் 5 யார்டு கூட்டி அடியுங்கள். 20 அடி புட், மணலில் மாட்டிய பந்தைவிட எப்போதும் மலிவு.